சிங்கப்பூர் போய்வந்த மகனுக்கு இருமல்: கிளினிக்கில் மறைக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். என் மகனுக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. தைப்பூசத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். ஈப்போ கல்லுமலையில் காவடி எடுத்த நான்காம் நாள் தொண்டை வலியும் இருமலும் தொடங்கின. உடம்பும் லேசாகச் சுடுகிறது. இது தெரிந்ததிலிருந்து, புதிய கொரோனா நோயாக இருக்குமோ என்று லயத்தில் யாரும் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. கடைக்குப் போன பேத்தியைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், அழுதுகொண்டே வந்தாள். மாமியாருக்கு 78 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. அவர் வாசலில் வேப்பிலை கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார். பூண்டுத் தண்ணீர் குடித்தால் போதும் என்று வாட்சாப்பில் வந்தது, அதையும் கொடுக்கிறேன். கிளினிக் போனால் பிடித்துக்கொண்டு போய்ப் பூட்டி வைத்துவிடுவார்களாமே. சிங்கப்பூரைப் பற்றிப் பேசாமல் இருமல் மருந்து மட்டும் வாங்கி வரலாமா?

(2020 பிப்ரவரியில் எழுதிய கேள்வி-பதில் இது. தோட்டத்தின் பெயரையும் வாசகியின் பெயரையும் நீக்கியிருக்கிறேன்.)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே உங்களோடு ஃபோனில் பேசிவிட்டேன். மகனும் கிளினிக் போய்விட்டார். பரிசோதனையில் என்ன வந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம். இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டு இந்த மாதம் பலர் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாமா என்றால், கூடவே கூடாது. கவுண்டரில் அடையாள அட்டையை நீட்டும்போதே சொல்ல வேண்டியது அதுதான்.

நீங்கள் பயப்படுவதை நான் குறை சொல்லவில்லை. 2020 ஜனவரி 25-ஆம் தேதி நம் மலேசியாவில் இந்த நோயோடு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட மூன்று பேரும் சிங்கப்பூர் வழியாக ஜொகூருக்கு வந்த சீன நாட்டுப் பயணிகள். பிப்ரவரி 4-ஆம் தேதி உறுதியான முதல் மலேசியரும் சிங்கப்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர். 7-ஆம் தேதி சிங்கப்பூரில் நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தியதும், அன்று இரவே கடைகளில் அரிசியும் மீயும் (நூடுல்ஸ்) காலியான படங்கள் நம் ஊர்வரை வந்து சேர்ந்தன. மறுநாள் தைப்பூசம். இங்கே டவுனில் மருந்துக்கடை, கிளினிக், ஒட்டுக்கடை எங்கே போனாலும் முகக்கவசம் கிடைக்கவில்லை. சிங்கப்பூர் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போடுவது இயல்புதான். ஆனால் அந்தப் பயத்துக்கு அஞ்சி நீங்கள் வாயை மூடிக்கொண்டால், நோய்க்குத்தான் வழிவிடுகிறீர்கள்.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 20 வருடங்களுக்கும் முன் இதே பேராக் மாநிலத்தில் நாம் ஒரு புதுக் கிருமியைப் பார்த்தோம். 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ சுற்று வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்து, சிலர் சில நாட்களில் நினைவிழந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நாடே நம்பியது. அது பன்றியிடமிருந்து கொசு வழியாக வரும் நோய். அதனால் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள்.

அப்போது நான் ஈப்போவில் இளம் டாக்டர். காய்ச்சலோடு வந்த ஒருவரிடம் என்ன வேலை என்று கேட்டதற்குக் கொத்து வேலை என்றார். நம் ஆள்தான், நாற்பது வயது இருக்கும். கூட வந்த மனைவி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பன்னிப் பண்ணையிலதாங்க வேலை, சொன்னா லயத்துல தண்ணிகூட எடுக்க விடமாட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் கணவரும் மனைவியும் செய்ததைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நோயின் முடிச்சு அவிழ்ந்ததே அந்த ஒரு கேள்வியில்தான். கொசுக் காய்ச்சல் என்றால் வீட்டில் பிள்ளைகளுக்கும் வர வேண்டும், முதலில் அவர்களுக்குத்தான் வர வேண்டும். இங்கே வளர்ந்த ஆண்கள்தான் விழுந்தார்கள், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். பன்றிகளும் தூரத்துக்குக் கேட்கும்படி நாய் குரைப்பதுபோல இருமிக்கொண்டிருந்தன. வேலையை ஒளித்தால் இந்தக் கணக்கு எப்படிப் புலப்படும்?

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். பழந்தின்னி வௌவால் கடித்துப்போட்ட பழம் வழியாகப் பன்றிக்கு வந்து, பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. பேராக்கில் பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவை லாரி ஏறி நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போயின, நோயும் கூடவே போனது. அங்குள்ள புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் சுடுகாடாகிப்போனது அப்படித்தான். அங்கிருந்து சிங்கப்பூர் இறைச்சிக்கூடம்வரை போய், 11 தொழிலாளர்கள் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

நிப்பா அன்று மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தாவவில்லை. 2020 பிப்ரவரியில் கோவிட்-19 என்று பெயர் வைக்கப்பட்ட இந்த நோய் தாவுகிறது. அப்படியானால் எங்கே போனோம், யாரோடு இருந்தோம் என்ற பதில் அன்றைவிட இன்று இன்னும் முக்கியம்.

சரி, பூட்டி வைப்பார்களா? 2020 பிப்ரவரி நடைமுறை இதுதான்: பயண விவரத்தைக் கேட்டுவிட்டு மூக்கிலும் தொண்டையிலும் மெல்லிய குச்சியால் மாதிரி எடுப்பார்கள். முடிவு வரும்வரை தனி வார்டில் இருக்கச் சொல்லலாம், ஃபோன் கையில் இருக்கும், வீட்டோடு பேசலாம். கிருமி இருந்தால் சிகிச்சை தருவார்கள், கூட இருந்தவர்களை 14 நாள் கவனிப்பார்கள். 2020 பிப்ரவரியில் இதை எழுதும்வரை நாட்டில் 22 பேருக்கு உறுதியாகியிருந்தது. அதுவரை யாரும் இறந்திருக்கவில்லை. சிலர் குணமாகி வீட்டுக்கே போய்விட்டார்கள். நோய் வந்தவர்கள் பிணம்போல எழுந்து நடந்து மற்றவர்களைக் கடிப்பார்கள் என்று ஒரு தகவல் சுற்றியதே, அதைச் சுகாதார அமைச்சே வெளிப்படையாக மறுக்க வேண்டிவந்தது. பொய்த் தகவல் போட்டதற்காகச் சிலரைப் போலீஸ் கைது செய்திருக்கிறது. பெரியம்மா அனுப்பினார், மாமா அனுப்பினார் என்பதற்காக எதையும் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

பூண்டுத் தண்ணீர் இந்தக் கிருமியைக் கொல்லாது. ரசத்தில் போட்டுக் கொடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும், சாப்பாடும் இறங்கும். அவ்வளவுதான். கிருமிக்கு எதிராக உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பது சவர்க்காரம். இந்தக் கிருமியின் மேல் ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. கோழிக்கறிச் சட்டியில் ஒட்டிய எண்ணெய் வெறும் தண்ணீருக்குப் போகாது, சவர்க்காரம் பட்டால் கரைந்துவிடும் இல்லையா, அதுபோல அந்த உறையும் கரைந்து கிருமி செத்துவிடும். விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் தேய்த்து இருபது வினாடி கழுவ வேண்டும்.

காய்ச்சலுக்குப் பனடோல் (500 மி.கி. பாராசிட்டமால்) போதும், பெரியவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு மாத்திரை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். போன தடவை வாங்கி மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கைத் தேடி எடுக்காதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது. உடம்பு வலிக்கிறது என்று பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரையும் போடாதீர்கள். ஏனென்றால் இந்தக் காய்ச்சல் டெங்கியாகவும் இருக்கலாம். புது நோயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், 2019-இல் மட்டும் நம் நாட்டில் 1,30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது, 182 பேர் இறந்தார்கள். டெங்கியில் அந்த வகை வலி மாத்திரை இரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். கொரோனாவுக்குப் பயந்து காய்ச்சலை வீட்டிலேயே ஒளித்து வைத்தால், அந்த வீட்டில் டெங்கிதான் முதலில் உயிரை எடுக்கும் என்பது என் கவலை. மூச்சு வாங்கினாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ, பல் ஈறில் இரத்தம் கசிந்தாலோ, ஆள் சோர்ந்து பேச்சுக் குழறினாலோ இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சீனாவிலிருந்து வரும் தகவல்களில் வயதானவர்களும் இனிப்பு நீர், இருதய நோய் உள்ளவர்களும்தான் மோசமாகப் பாதிக்கப்படுகிறார்கள். லயத்து வீட்டில் ஆளுக்கொரு அறை கிடையாது என்பது எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட வீடுகளில், முடிவு தெரியும்வரை இருமுகிற மகன் முன்பக்கத்து அறையில் படுக்கட்டும், சன்னல் திறந்தே இருக்கட்டும், கொசுவலை கட்டிக்கொள்ளலாம். பாட்டியும் பேத்தியும் பின்னறையில் படுக்கட்டும். பாட்டிக்குச் சோறு போடுவதும் மருந்து கொடுப்பதும் மகனுக்குப் பணிவிடை செய்யும் அதே கை வேண்டாம். வேறு ஆள் இல்லையென்றால் இடையில் கை கழுவியே ஆக வேண்டும். முகக்கவசம் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் முதலில் இருமுகிறவருக்கு, அடுத்தது அவரைக் கவனிக்கிறவருக்கு.

வேப்பிலையைக் கழற்றச் சொல்ல மாட்டேன். அம்மை போட்ட வீட்டு வாசலில் அதைக் கட்டினால் வெளி ஆள் உள்ளே வரமாட்டார். உள்ளே படுத்திருப்பவருக்கோ இளநீரும் மோரும் குறைவில்லாமல் போகும். யாரும் அவரை அருவருத்து ஒதுக்கியதில்லை. உங்கள் லயத்துக்காரர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். வீட்டுக்குள் போகாதீர்கள், சரி. ஒரு பாக்கெட் மாவும் ரொட்டியும் வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுக்கலாமே. அந்தச் சிறு பெண்ணைக் கடை வாசலில் விரட்டியது எந்தக் கிருமியையும் தடுக்கவில்லை. அடுத்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவர்களும் இப்போது வாயைத் திறக்க மாட்டார்கள், அதுதான் நடந்திருக்கிறது.

டவுனில் சீனர் மளிகைக் கடைக்குப் போகாதீர்கள் என்று வரும் செய்திகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவுக்கே (கடை முதலாளி) இந்த நோய் முதலில் தெரியவந்த சீன நகரமான வூஹானைப் பார்த்ததுகூட இல்லை. சம்பளம் தாமதமான மாதங்களில் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு நமக்கு அரிசி கொடுத்தவர். நிப்பா சமயத்தில் நம் ஆட்களையும் சீனர்களையும் ஊர் ஒன்றாகத்தான் ஒதுக்கி வைத்தது.

கடைசியாக மகனின் வேலை. காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது பஸ் ஏறி பாலம் தாண்டிப் போக வேண்டாம். இரவு முழுவதும் மூடிய பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரையும் நினைக்க வேண்டும். கிளினிக்கிலேயே எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்கி முதலாளிக்குப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். மாமியாரின் அடுத்த இரத்தப் பரிசோதனைத் தேதி எப்போது என்று அட்டையைப் பாருங்கள். கிளினிக்கில் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். மகனுக்குக் கிருமி இல்லை என்று முடிவு வந்திருந்தால் குறித்த தேதியில் கூட்டிப் போகலாம். இருக்கிறது என்றால் முதலில் ஃபோன் செய்து சொல்லுங்கள், மாத்திரையை வேறு யாராவது வாங்கிக்கொள்ள முடியுமா என்று அவர்களையே கேளுங்கள்.