மச்சினன் கம்பெனியில் எட்டு லட்சம்

கேள்வி: ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்கிறேன். என் மனைவியின் தம்பி கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் மேனேஜர். கடைகளுக்கு கார்டு தேய்க்கும் மெஷின் கொடுத்து, வங்கி வழியாகக் கடைக்காரர் கணக்கில் பணம் சேர்க்கும் தொழில். 1,200 மெஷின்கள் ஓடுகின்றன, மெஷினுக்கு மாதம் 300 ரூபாய் வாடகை, மாதம் ஆறு கோடி டர்ன்ஓவர் என்கிறார். யுபிஐ போக கார்டு மட்டும் முப்பது சதவீதம் இருக்குமாம். 10 ரூபாய் பங்கை 250 ரூபாய்க்குத் தருகிறார்கள். மொத்தம் 4 லட்சம் பங்குகள். மூன்று வருஷத்தில் பங்குச்சந்தைக்குப் போய்விடுமாம். எனக்கு 8 லட்ச ரூபாய் எஃப்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. போடலாமா, சார்?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அந்த விலைக்கு வேண்டாம்.

முதலில் ஆறு கோடியை மறந்துவிடுங்கள். அது கடைக்காரர்களின் பணம். கம்பெனியின் கையில் என்ன தங்குகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய கணக்கு. யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கும் உச்சவரம்பு உண்டு: சின்னக் கடை என்றால் 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90. கிரெடிட் கார்டில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். விசா, மாஸ்டர்கார்டு ஒரு பங்கு, மெஷினுக்குப் பின்னால் இருக்கும் வங்கி ஒரு பங்கு. கடைசியில் இருக்கும் சின்ன கம்பெனிக்கு 100 ரூபாய்க்குப் பத்துப் பைசா நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆறு கோடியில் முப்பது சதவீதம் 1.8 கோடி. அதில் பத்துப் பைசா கணக்குப் போட்டால் மாதம் 18,000 ரூபாய்தான் வருகிறது.

மெஷின் வாடகையோ மாதம் 3,60,000 ரூபாய்! ஆக, உங்கள் மச்சினன் வேலை பார்ப்பது மெஷின் வாடகைக் கம்பெனியில். அது கேவலமான தொழில் இல்லை. ஆனால் விலையைப் பாருங்கள். 4 லட்சம் பங்கு, தலா 250 என்றால் கம்பெனிக்கு அவர்கள் போட்டிருக்கும் மதிப்பு 10 கோடி. வருஷ வரவு 45 லட்சம் சொச்சம். அதிலிருந்துதான் சம்பளம், சிம் கார்டு, பேப்பர் ரோல், பழுதான மெஷினை மாற்றும் செலவு எல்லாம் போக வேண்டும். உங்கள் எட்டு லட்சத்துக்கு 3,200 பங்கு, அதாவது ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த 250 எப்படி வந்தது? பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இருக்க வேண்டும், கேளுங்கள்.

அடுத்து, இந்தக் கம்பெனிக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கிறதா, இல்லை வங்கியின் ஏஜென்ட் மட்டும்தானா? கடைக்காரர் பணத்தைத் தானே வாங்கிப் பட்டுவாடா செய்யும் பேமென்ட் அக்ரிகேட்டர் என்றால், விண்ணப்பிக்கும்போதே 15 கோடி நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) வேண்டும், மூன்றாம் நிதியாண்டு முடிவில் 25 கோடி. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது, பெயரைத் தேடுங்கள். மதிப்பே 10 கோடி என்பவரிடம் அந்த நிகர மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏஜென்ட்தான் என்றால் வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை நாள் நோட்டீஸில் வங்கி கழற்றிவிடலாம்? கடைக்காரர் கையெழுத்துப் போட்டது யாருடன்? வங்கியுடன் என்றால் அந்த 1,200 கடைகளும் வங்கியின் வாடிக்கையாளர்கள்.

நான் வங்கியில் கார்டு பிரிவில் இருந்தபோது ஒரு டிராவல்ஸ்காரர் சபரிமலை சீசனுக்கு முன்பணத்தை கார்டில் வாங்கிக்கொண்டு ஷட்டரை இறக்கிவிட்டார். பயணிகள் ஒவ்வொருவராக அவரவர் வங்கியில் புகார் கொடுத்தார்கள். பணம் எங்கள் வங்கி வழியாகத் திரும்பிப் போனது. டிராவல்ஸ் கணக்கில் பைசா இல்லை. அவரைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட் கம்பெனியின் கமிஷனில்தான் மாதாமாதம் பிடித்தோம். அந்தக் கம்பெனிக்காரர் பாவம், எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். இப்படிப் பணம் திரும்பிப் போவதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். அது வந்தால் யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கும். அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

பங்குச்சந்தைக்குப் போகும் என்பது அவர்களின் ஆசை, அதை விலையில் சேர்க்காதீர்கள். பிரைவேட் லிமிடெட் பங்கை நினைத்தவுடன் விற்க முடியாது. விற்கக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பதே சட்டம். கம்பெனி விவகாரத் துறை தளத்தில் 100 ரூபாய் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த கணக்குகளைப் பார்க்கலாம். மூன்று வருஷத்துக்கு எடுத்து உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். அப்புறம், மச்சினனிடம் 'வேண்டாம்' என்று சொல்வதுதான் சங்கடம் என்றால் பழியை என் மேல் போடுங்கள். நான் அவர் வீட்டு விசேஷத்துக்கு வரப்போவதில்லை.

கேள்வி: சின்ன கம்பெனி ஆபத்து, சரி. இதே தொழிலில் பெரிய கம்பெனி என்றால் பயமில்லைதானே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வயர்கார்டு என்று ஒரு ஜெர்மன் கம்பெனி. 2018இல் அந்த நாட்டுப் பங்குச்சந்தையின் முன்னணிக் குறியீடான டாக்ஸிலேயே (DAX) இடம் பிடித்தது. 2020 ஜூனில், கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ அனேகமாக இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டு திவாலானது. இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2015இல் சென்னையைச் சேர்ந்த ஒரு குழுமத்தின் பேமென்ட் தொழிலை 34 கோடி யூரோ வரை கொடுத்து வாங்குவதாக வயர்கார்டு அறிவித்தது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஒரு மொரீஷியஸ் ஃபண்ட் அதே தொழிலைச் சுமார் 3.7 கோடி யூரோவுக்கு வாங்கியிருந்தது. குறைந்த விலைக்கு விற்க வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்தச் சென்னைக் கம்பெனியின் சிறு பங்குதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஈரோட்டு நண்பர் இந்தப் பதிலையும் படிக்கவும்.