ஊதாதீர்கள்! பழைய டிவி கேம் கேள்வி பதில், காரைக்குடியிலிருந்து

காரைக்குடி செக்காலை பக்கம் 20 வருஷத்துக்கு மேல் டிவி, ரேடியோ, டிவி கேம் எல்லாம் பழுது பார்த்தவன் நான். கடையை மூடிவிட்டேன், ஸ்க்ரூ டிரைவரை மட்டும் விட முடியவில்லை. பிக்சர் டியூப் காலத்து கேம்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். முதலிலேயே இரண்டு விஷயம். கேம் கேசட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள். அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் பிளக்கில் செருகாதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி: ஊதக்கூடாது என்கிறீர்களே அண்ணே, சின்ன வயதில் ஊதினால் ஓடியதே?

ஓடியது ஊதியதால் இல்லை தம்பி. கழற்றித் திரும்பச் செருகினாய் அல்லவா, அதனால். கேசட்டின் அடியில் வரிசையாக இருக்கும் செப்புப் பட்டைகள் உள்ளே இருக்கிற பின்களோடு சரியாக ஒட்டவில்லை என்றால் படம் வராது. இரண்டாவது தடவை செருகும்போது பட்டை கொஞ்சம் வேறு இடத்தில் உட்காரும், உரசலில் அழுக்கும் லேசாகப் போகும். ஊதியதில் போனது உன் எச்சில் ஈரம்தான். அது பட்டையில் தங்கிப் பச்சை பூக்கும். நின்டெண்டோ கம்பெனியே ஊத வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொஞ்சம், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி ஒன்று போதும். துடைத்துவிட்டு நன்றாகக் காய விடு.

கோட்டையூர்: ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகமாக வருவார்கள். அதை எப்படி யோசித்து வைத்தார்கள்?

யோசித்து வைக்கவில்லை என்பதுதான் அழகு. 1978இல் டைட்டோ கம்பெனிக்காக டொமொஹிரோ நிஷிகாடோ கிட்டத்தட்டத் தனி ஆளாகச் செய்த ஆட்டம் அது. உள்ளே இருந்தது இன்டெல் 8080 சிப். வரிசைக்கு 11 பேர், 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்த அந்தச் சிப்புக்குத் தெம்பு கிடையாது. அதனால் ஒரு தடவைக்கு ஒருவராக நகர்த்தியது.

பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 55 இலைக்கு ஒரே ஆள் சாம்பார் ஊற்றுகிறார். உங்கள் இலைக்கு அவர் மறுபடி வர நேரமாகும். பாதிப் பேர் எழுந்துபோய்விட்டால் அதே ஆள், அதே நடை, ஆனால் உங்களிடம் இரண்டு மடங்கு சீக்கிரம் வந்துவிடுவார். கடைசி ஒரு இலைதான் மிச்சம் என்றால் வாளியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அந்தக் கடைசி எதிரி தறிகெட்டு ஓடுவது அப்படித்தான். நிஷிகாடோ இதைப் பார்த்தார், ஆட்டம் சூடு பிடிக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். கூடவே அந்த நாலு சுர இசையையும் வேகமாக்கினார். இன்னொன்று: ஆரம்பத்தில் வந்த மெஷினில் திரை கறுப்பு வெள்ளை. கண்ணாடி மேல் கலர் பேப்பர் ஒட்டித்தான் நிறம் காட்டினார்கள்.

தேவகோட்டை: பிளே ஸ்டேஷன் 2 டிஸ்க் படிக்க மாட்டேன் என்கிறது...

என் பேட்டை இல்லை. மதுரையில் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கானாடுகாத்தான்: நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன். சூப்பர் மாரியோ முழுவதும் 40 கேபி என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு போட்டோவே இன்று அதைவிட நூறு மடங்கு. எப்படி சார் சாத்தியம்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். உன் ஊரிலேயே பதில் இருக்கிறது. அங்கே எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் குனிந்து தரையைப் பார். ஆத்தங்குடிக் கல். அறை எவ்வளவு பெரிதானாலும் அதற்கு வேண்டிய அச்சு கொஞ்சம்தான். ஆசாரி கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமென்ட் ஊற்றுவார், அதே கல்லைத் திருப்பிப் போட்டால் பூவாகும், அடுக்கிப் போட்டால் கொடியாகும்.

1983இல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம் என்கிற நின்டெண்டோ டிவி கேம் மெஷின் செய்ததும் அதுதான். திரை என்பது 256க்கு 240 புள்ளி. அதை முழுப்படமாக அது வைத்துக்கொள்ளவே இல்லை. 8 புள்ளிக்கு 8 புள்ளி சதுரக் கற்கள். அகலத்தில் 32, உயரத்தில் 30, மொத்தம் 960 கல் பதித்தால் ஒரு திரை. (எங்கள் வீட்டு முகப்பில் கிடப்பதும் 8 அங்குலத்துக்கு 8 அங்குலக் கல்தான், சும்மா சொன்னேன்.) 1985இல் வந்த மாரியோவில் பின்னணிக்கு 256 அச்சு, நடமாடும் ஆட்களுக்கு 256 அச்சு. ஒரு அச்சுக்கு 16 பைட். பெருக்கிப் பார், 8 கேபி வரும். மீதி 32 கேபியில் கணக்கு, இசை, எந்த இடத்தில் எதைப் பதிப்பது என்ற குறிப்பு, எல்லாம். அந்தக் குறிப்புகூடக் கல் கல்லாக எழுதியது இல்லை. 'இங்கே குழாய், உயரம் 3' என்று மேஸ்திரி துண்டுச் சீட்டில் எழுதுகிற மாதிரி.

மேலே இருக்கும் மேகத்தையும் கீழே இருக்கும் புதரையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே அச்சு. மேலே வெள்ளை, கீழே பச்சை, அவ்வளவுதான். கூம்பா என்கிற அந்தக் காளான் பயல் நடக்கிறானே, அவனுக்கு நடை என்று இரண்டாவது படமே கிடையாது. ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். கால் மாற்றி வைக்கிற மாதிரி நமக்குத் தெரிகிறது. கையில் இடம் இல்லாதவன் செய்கிற வேலையில் ஒரு நறுக்கு இருக்கும். இன்றைக்கு 100 ஜிபி கேம் பார்க்கும்போது எனக்கு அந்த நறுக்குத்தான் கண்ணில் படுவதில்லை. வயதான ஆளின் புலம்பல் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

புதுவயல்: காண்ட்ரா ஆடும்போது ஆட்கள் மினுக்கி மினுக்கி மறைவார்கள். டிவி கோளாறா?

இல்லை. குறுக்காக ஒரே கோட்டில் 8 ஆள்-அச்சுக்கு மேல் அந்த மெஷினால் வரைய முடியாது. ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று விடுபடும். ஒரே ஆள் நிரந்தரமாக மாயமாகாமல் இருக்க, ஆட்டத்தை எழுதியவர்கள் முறை வைத்து மாற்றி மாற்றி விடுவார்கள், அதுதான் மினுக்கல். இது தெரியாத காலத்தில் ஒருவருடைய டிவியை மூன்று நாள் பிரித்துப் போட்டு, பணமும் வாங்கியிருக்கிறேன். அவர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

செக்காலை: கேசட் ஓடவில்லை. ஊதிப் பார்த்தும் பயனில்லை...

முதல் பதில்.

தேவகோட்டை: 9999 கேம் என்று போட்டிருந்த கேசட்டில் உண்மையிலேயே எத்தனை இருந்தன?

பெரும்பாலும் பத்து, இருபது. மீதி எண்களெல்லாம் அதே ஆட்டத்தை வேறு கட்டத்திலிருந்தோ வேறு வேகத்திலோ தொடங்கும் வழிகள். நம் ஊருக்கு வந்த செட்டுகளே ஃபாமிகாமின் நகல்கள்தான். கழற்றினால் உள்ளே கறுப்புக் கோந்துப் பொட்டு ஒன்று மட்டும் இருக்கும். மொத்த மெஷினும் அதற்குள். அந்தப் பொட்டு போய்விட்டால் ரிப்பேர் இல்லை, சுண்டல் மடிக்கக்கூட ஆகாது.

ஆத்தங்குடி: துப்பாக்கி வைத்து வாத்து சுடும் ஆட்டம், புது எல்இடி டிவியில் ஒரு வாத்தும் விழவில்லை.

விழாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை, அது பார்க்க மட்டும் செய்கிறது. குதிரையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று பார்த்தால் வாத்து செத்தது. இருட்டையும் சரிபார்ப்பதால் டியூப்லைட்டைக் குறி வைத்து ஏமாற்ற முடியாது. எல்இடி டிவி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டும், அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். தவிர, பிக்சர் டியூபில் கோடு கோடாக ஓடும் வெளிச்சத்துக்கு என்றே பழக்கிய உணரி அது. பழைய டிவி தேடுங்கள். ஆனால் அதன் பின் மூடியைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறியும் கரண்ட் தங்கியிருக்கும்.

அரியக்குடி: மாரியோ தலையால் செங்கல்லை முட்டி உடைக்கிறாரே, வலிக்காதா?

தலையால் உடைக்கவில்லை. கையால். குதிக்கும் படத்தை நிறுத்திப் பாருங்கள், ஒரு கை மேலே முஷ்டி மடக்கி நிற்கும்.

பள்ளத்தூர் தம்பி குறுக்கே: அண்ணே, 25 வருஷமாகத் தலை என்று நம்பியிருக்கிறோம். சும்மா சொல்லாதீர்கள்.

படத்தைப் பார் என்றேன்.

கானாடுகாத்தான் மாணவர்: சார், அந்த ஆட்டத்தின் நிரலைப் பிரித்து எழுதியதைப் படித்திருக்கிறேன். மோதியதா என்று பார்ப்பது மாரியோவின் உச்சந்தலை நடுவில் ஒரே ஒரு புள்ளியை வைத்து. கையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

பள்ளத்தூர்: பார்த்தீர்களா!

சரி, மாணவர் சொன்னது உண்மை. கணக்குத் தலையில் நடக்கிறது, படம் கையைக் காட்டுகிறது. கோவில் தேரை வடம் பிடிப்பவர்கள் இழுக்கிறார்களா, பின்னால் சன்னக்கட்டை போடுபவர் நடத்துகிறாரா என்கிற மாதிரியான வழக்கு இது. நான் படத்தின் பக்கம்.

அரியக்குடி: அப்படியானால் சின்ன மாரியோ ஏன் உடைப்பதில்லை? கை அவருக்கும் உண்டே.

தெம்பு இல்லை. தட்டத்தான் முடியும்.

கோட்டையூர்: தலையோ கையோ இருக்கட்டும். அந்த ஆட்டத்தோடு வந்த கையேட்டில், காளான் நாட்டு மக்களை வில்லன் கல்லாகவும் செங்கல்லாகவும் மாற்றிவிட்டான் என்று கதை இருக்கிறதே. அப்போ நாம் உடைத்தது யாரை?

அது உண்மைதான், கையேட்டில் இருக்கிறது. இதை இன்று கிளப்பியிருக்க வேண்டாம்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: என் மகன் லீவு முழுக்க உடைத்தான். காளான் பிரட்டல் இனிமேல் எப்படி இறங்கும்?

ஆச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி.

புதுக்கோட்டை: பேக்மேன் 256ஆவது கட்டத்தில் பாதித் திரை குப்பையாகிறதாமே?

ஆமாம். கட்ட எண்ணை வைத்திருக்கும் டப்பாவில் 255 வரைதான் கொள்ளும். அடுத்தது வந்தால் பூஜ்யமாகிவிடும். கீழே பழங்களை வரிசையாக வரைகிற பகுதி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஏமாந்து 256 பழம் வரையப் போகும். பழம் தீர்ந்த பிறகும் கையில் அகப்பட்டதை எல்லாம் திரையில் கொட்டும். வலது பாதியில் தின்ன வேண்டிய புள்ளிகள் போதுமான அளவு இருக்காது, கட்டம் முடியாது. அத்தனை தூரம் யாராவது ஆடுவார்கள் என்று 1980இல் அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

காண்ட்ராவில் 30 லைஃப் எடுக்கும் ரகசியம்... (நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள்)

மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கொனாமி கம்பெனியில் கஸுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டு மெஷினுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்கு வழி.

விலை என்ன போகும்? (ஏழு பேர்)

தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைக்கலாமா?

கூடாது. ஊதவும் கூடாது.

காரைக்குடி: முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜப்பான் ஃபாமிகாம் வாங்கினேன். அடாப்டரும் இருக்கிறது. இன்று இரவு போட்டுப் பார்க்கப் போகிறேன்.

நிறுத்துங்கள். அடாப்டரின் முதுகைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நம்முடையது 230. செருகினால் புகை வரும். கடையில் கிடைக்கும் வேறு அடாப்டரையும் போடாதீர்கள். ஃபாமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, அதுவும் நடு முனை மைனஸ். நம் கடை அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். தவிர அதில் ஏவி வயர் கிடையாது, ஆன்டெனா வழிதான் படம், அதுவும் ஜப்பான் சேனலில். நம் டிவியில் கிடைக்காது. உள்ளே சின்ன வேலை ஒன்று செய்து ஏவி எடுக்க வேண்டும். இரண்டாவது ரிமோட்டில் மைக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்ல சரக்கு. செல்டா ஆட்டத்தின் ஜப்பான் பதிப்பில் அதில் கத்தினால் ஒரு பூதம் சாகும்.

நாளை காலை 10 மணிக்கு மேல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். அடாப்டரை மட்டும் உங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வழியில் கேசட்டை ஊதாதீர்கள்.

பள்ளத்தூர் தம்பி: அண்ணே, தலைதான்.

கை.