வாடகைத் தாய்: பேப்பர் முதலில், மற்றதெல்லாம் பிறகு

கடலூர் நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

நெல்லிக்குப்பம் வாசகி: எனக்கு கர்ப்பப்பையை எடுத்தாச்சு மேடம். நாத்தனார் எனக்காகச் சுமக்கிறேங்கறாங்க. வயசு 37, ரெண்டு பிள்ளைங்க. முடியுமா?

நாத்தனாருக்குப் பெரிய மனசு. ஆனால் முடியாதும்மா. வாடகைத் தாய்க்கு வயது 25 முதல் 35-க்குள் இருக்கணும்; கல்யாணமாகி, சொந்தக் குழந்தையும் இருக்கணும். அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. சொந்தத்துக்குள்தான் ஆள் தேடணும் என்று பலர் நினைக்கிறார்கள். மசோதாவில் அப்படித்தான் இருந்தது. 2021-ல் சட்டமானபோது ‘விருப்பமுள்ள பெண்’ என்று மாற்றிவிட்டார்கள். தகுதிச் சான்றிதழ் வாங்கும் நாளில் உங்களுக்கு 23–50, கணவருக்கு 26–55 வயது இருக்கணும்.

பண்ருட்டி வாசகர்: புரோக்கர் ஒருத்தர் மொத்தமா ஒரு தொகை கேட்கிறார். பொண்ணையும் அவரே பார்த்துத் தருவாராம். பத்திரத்தில் எழுதிக்கலாமா?

எழுதாதீங்க, கொடுக்காதீங்க. வாடகைத் தாய்க்கு மருத்துவச் செலவு, 36 மாத இன்சூரன்ஸ், விதிகள் அனுமதிக்கும் செலவுகள், இவ்வளவுதான். கூலி கிடையாது. காசுக்கு ஏற்பாடு செய்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். காசு கொடுத்துக் குழந்தை தேடும் தம்பதிக்கும் முதல் தடவையே 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். நோட்டரி முத்திரை குத்தினால் சட்டவிரோத ஒப்பந்தம் சட்டபூர்வம் ஆகிவிடாது. ஏமாந்த பணத்தைக் கேட்டு கோர்ட்டுக்கும் வர முடியாது.

கடலூர் ஓ.டி. (பழைய நகர்) வாசகி: பேப்பர் வேலையை எங்கிருந்து ஆரம்பிக்கறது?

எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கருவை வைத்த பிறகு வக்கீலைத் தேடி வந்தால் நான் செய்ய ஒன்றும் இருக்காது. முதலில் மாவட்ட மருத்துவ வாரியத்திடம் மருத்துவக் காரணத்துக்கான சான்றிதழ் வாங்குங்கள். ஜேடி (சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீசில் விசாரியுங்கள். அடுத்து மேஜிஸ்ட்ரேட் கோர்ட். தம்பதியும் வாடகைத் தாயும் சேர்ந்து மனு போட்டு, குழந்தை யாருடையது, யார் பொறுப்பில் இருக்கும் என்று உத்தரவு வாங்கணும். குழந்தை பிறந்ததும் அந்த உத்தரவே பிறப்புப் பிரமாணப் பத்திரம். பிறகு இன்சூரன்ஸ், கடைசியாக உரிய அதிகாரியின் தகுதிச் சான்றிதழ்.

மனு போடுமுன் பெயர்களை ஒத்துப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், கல்யாணப் பதிவில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், மருத்துவமனைச் சீட்டில் ரெண்டுமே இல்லை! இதுக்கே அலைய விடுவார்கள். மருத்துவமனையில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழையும் படியுங்கள். ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) செய்யத் தனிப் பதிவு, வாடகைத் தாய் முறைக்குத் தனிப் பதிவு.

லாஸ்பேட்டை வாசகி: கணவருக்கு விந்தணு இல்லை. டோனர், வாடகைத் தாய் ரெண்டும் வேணுமா?

உங்க கர்ப்பப்பை நன்றாக இருந்தால் வாடகைத் தாய் எதுக்கு? டோனர் விந்தணுவோடு ஐவிஎஃப் போதும். பிறக்கும் குழந்தை சட்டப்படி உங்கள் இருவருடையது, டோனருக்கு உரிமை எதுவும் கிடையாது. வாடகைத் தாய்தான் வழி என்றாலும், 2024 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட மருத்துவ வாரியம் சான்றளித்தால் டோனர் உண்டு. ஆனால் தம்பதியில் ஒருவருடைய விந்தணுவோ கருமுட்டையோ கட்டாயம் இருக்கணும்.

வில்லியனூர் வாசகர்: எங்க ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு குடியுரிமை, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருக்கு. இங்கே செய்துக்கலாமா?

இந்திய வம்சாவளித் தம்பதி கூடுதலாக வாடகைத் தாய் முறைக்கான வாரியத்தின் (மாவட்ட மருத்துவ வாரியம் அல்ல) பரிந்துரைச் சான்றிதழ் வாங்கணும். அதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் பக்கம். வாடகைத் தாய் ஒப்பந்தம் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 1994 முதல் செல்லாது. இங்கே சான்றிதழ் கையில் கிடைத்தாலும் அங்கே குழந்தையைப் பதிவு செய்வதில் இழுபறி வரலாம். அங்குள்ள வக்கீலிடம் கேட்டுவிட்டு இங்கே தொடங்குங்கள்.

பெயர் வேண்டாம்: பையனாப் பார்த்து வைக்கச் சொல்லலாமா?

கூடாது. கேட்பதே வம்பு.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: என் தோழிக்கு 19 வயசு. கருமுட்டை கொடுத்தால் காசு தர்றாங்களாம்.

23 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்தான் கொடுக்கலாம். வாழ்நாளில் ஒரு தடவை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. விற்பது குற்றம். 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டித்தான் எடுத்தார்கள். தோழியிடமும் யாராவது ஆதார் மாற்றித் தர்றோம் என்றால், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்கள்.