டென்னிஸ் டீமுக்கு யாரு காசு போடுறாங்க?

கேள்வி: அமெரிக்க யுனிவர்சிட்டில டென்னிஸ் ஆடினா ஃபீஸே கட்ட வேண்டாம்னு சொல்றாங்களே, உண்மையா சார்? என் பையன் ப்ளஸ் டூ படிக்கிறான்.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பாதிதாங்க உண்மை. 2025 வரைக்கும் டிவிஷன் ஒண்ணுல, அதாவது காலேஜ் விளையாட்டோட மேல் மட்டத்துல, ஆண்கள் டீமுக்கு மொத்தமே 4.5 ஸ்காலர்ஷிப்தான், அதை எட்டு ஒம்போது பேருக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க, ஒரு பையனுக்குப் பாதி கிடைச்சாலே பெரிய விஷயம். பெண்கள் டீமுக்கு 8 முழு ஸ்காலர்ஷிப் இருந்துச்சு. காலேஜ் வீரர்கள் போட்ட வழக்குல 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட செட்டில்மென்ட்டுக்கு (சமரசத்துக்கு) அப்புறம், அதுல சேர்ந்த காலேஜ்கள்ல டீமுக்கு அதிகபட்சம் 10 பேர், 10 பேருக்கும் முழுசா குடுக்கலாம். குடுக்கலாம், அவ்ளோதான், குடுத்தே ஆகணும்னு இல்ல! ஏன்னா டென்னிஸ்ல டிக்கெட் வருமானம்னு பெருசா ஒண்ணும் கிடையாது, பெரிய காலேஜ்கள்ல அமெரிக்கன் ஃபுட்பால் டிவி பணத்துலதான் வண்டி ஓடுது. 2020ல கொரோனால அந்தப் பணம் விழுந்தப்ப அயோவா, மினசோட்டா ரெண்டு யுனிவர்சிட்டியும் ஆண்கள் டென்னிஸையே நிறுத்த முடிவெடுத்தாங்க, எனக்கு அது இன்னும் ஆறல. சென்னைல பயிற்சி எடுத்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாவுக்கு ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் காலேஜ் சாம்பியன் ஆனாரு, அந்த வழி இன்னும் இருக்கு. கோச் கூப்பிட்டா எத்தனை சதவீதம், எத்தனை வருஷத்துக்குன்னு எழுத்துல வாங்கிடுங்க.