கைக்குத் தெரிந்தது பேப்பரில் ஏன் வரவில்லை?

பிரீமான்ட்டிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

பாளையங்கோட்டையில் ஒன்பது வருடம் பார்லர் நடத்தியவர் நீங்கள். கல்யாண சீசனில் ஒரே நாளில் நான்கு மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்தவர். இப்போது கலிஃபோர்னியாவில் எஸ்தெட்டிஷியன் (தோல் பராமரிப்பு) பள்ளியில் 600 மணி நேரப் படிப்பில் பாதி தாண்டிய பிறகு, மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், 58 மதிப்பெண். பக்கத்து சீட்டில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண், வேக்ஸ் சூடுகூடச் சரியாகப் பார்க்கத் தெரியாதவள், 84 வாங்குகிறாள். "எனக்கே வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம். ஆனால் நீங்கள் தவறவிட்ட கேள்விகளின் பட்டியலை அனுப்பியிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் ஒன்று புரிந்தது. நீங்கள் பார்லர்க்காரராக உட்கார்ந்து விடை எழுதுகிறீர்கள். நீங்கள் எழுதப்போகும் லைசென்ஸ் தேர்வு உங்கள் கைத்திறனை அளக்க வரவில்லை. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் செய்முறைத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு மட்டும், கணினியில், 90 நிமிடம், நூறுக்குச் சற்று மேல் கேள்விகள். அதில் பாதிக்கு மேல் அறிவியல். உங்களை நம்பி முகத்தைக் கொடுப்பவருக்குத் தொற்றோ, தீக்காயமோ, தழும்போ வராமல் பார்த்துக்கொள்வீர்களா என்பதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள்.

நீங்கள் புலியாக இருக்கும் த்ரெடிங்குக்கு கலிஃபோர்னியாவில் லைசென்ஸே தேவையில்லை. அழகுக்கலைச் சட்டத்திலேயே அதை விலக்கி வைத்திருக்கிறார்கள். டெக்சாஸில் இதற்காக நம் நாட்டு வம்சாவளியினர் வழக்கே போட்டார்கள். புருவத்துக்கு நூல் போட 750 மணி நேரப் படிப்பு எதற்கு என்று கேட்டு, 2015-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். நூலுக்குத் தேவைப்படாத படிப்பு வேக்ஸுக்கும், ரசாயனத்தால் மேல்தோலை உரிக்கும் பீலுக்கும் ஏன் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சூடும், ரசாயனமும், கிழியும் தோலும் அங்கேதான் வருகின்றன. கேள்விகளும் அங்கிருந்தே வருகின்றன.

உங்கள் தவறுகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். வேக்ஸ் குச்சியை மறுபடி டப்பாவில் தோய்க்கலாமா என்ற கேள்விக்கு, 'அதே வாடிக்கையாளர் என்றால் தோய்க்கலாம்' என்று குறித்திருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். இங்கே ஒரு குச்சி ஒரு முறைதான் டப்பாவுக்குள் போகும், பிறகு குப்பை. ட்வீசரைக் கிருமிநாசினியில் போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை விட்டேவிட்டீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுக்கு இருக்கும் கருவியில் கிருமிநாசினி முழுதாக வேலை செய்யாது. கழுவி, துடைத்து, முழுக்க மூழ்கவைத்து, லேபிளில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம். கிளீனிங் (அழுக்கு நீக்குவது), டிஸ்இன்ஃபெக்ஷன் (கிருமிநாசினியில் போடுவது), ஸ்டெரிலைசேஷன் (எல்லா நுண்ணுயிரையும் அழிப்பது) மூன்றும் மூன்று படிகள். அழுத்த நீராவியில் வேலை செய்யும் ஆட்டோகிளேவ் மூன்றாவதற்கு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் ஐந்தாறு மதிப்பெண் போய்விடும்.

மூன்றாவதுதான் பெரிய தவறு. கன்னத்தில் வட்டமாக, ஓரம் சிவந்து, செதிலோடு இருக்கும் புண்ணுக்கு 'பூஞ்சை க்ரீம் பரிந்துரைப்பேன்' என்று குறித்திருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படிச் சொல்லியிருப்பீர்கள், குணமாகியும் இருக்கும். இங்கே நோய்க்குப் பெயர் சொல்வதும் மருந்து சொல்வதும் மருத்துவரின் வேலை. அப்படிப்பட்ட கேள்விகளில் சேவையை நிறுத்தி, மருத்துவரிடம் அனுப்பும் விடையைத் தேடுங்கள்.

லத்தீன் பெயர்கள் மண்டையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவற்றில் பலவற்றை நீங்கள் சிறு வயதிலிருந்தே அறிவீர்கள். படர்தாமரைதான் டினியா கார்ப்பரிஸ். தேமல், டினியா வெர்சிகலர். மங்கு, மெலாஸ்மா. வேர்க்குருவுக்கு மிலியேரியா ரூப்ரா என்று பெயர். வேனல்கட்டியை ஃபர்ங்கிள் என்பார்கள், வெண்புள்ளியை விட்டிலைகோ. அட்டை வெட்டி ஒரு பக்கம் அவர்கள் பெயரும் மறுபக்கம் நம் பெயரும் எழுதுங்கள். கீழே ஒரு வரி: ஒட்டுமா, ஒட்டாதா? படர்தாமரை ஒட்டும், மங்கு ஒட்டாது. தேர்வுக்கு அந்த வரிதான் முக்கியம்.

தோலின் அடுக்குகளுக்கும் ஊர்ப் பேச்சு உதவும். 'உள்ளங்கையில் முடி முளைக்குமா' என்று கேலி பேசுவோமே! முளைக்காது, ஏனென்றால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முடிக்கால்கள் இல்லை. அதனால் எண்ணெய்ச் சுரப்பியும் அங்கே இல்லை. ஸ்ட்ரேட்டம் லூசிடம் என்ற அடுக்கு இருப்பதோ அங்கே மட்டும்தான். ஒரு கேலியில் மூன்று விடைகள்.

உங்கள் ஒன்பது வருடம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் தெரியும்தானே, 1975-ல் வந்தது, வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஆறு வகை. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. அந்த வகைத் தோலில் பீலோ சூடோ அதிகமானால் கறுப்புத் திட்டு விழும் என்பதை அந்த பத்தொன்பது வயதுப் பெண் மனப்பாடம் செய்ய வேண்டும். ப்ளீச் போட்டுக் கருத்துப்போன முகங்களை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள்.

இனி மாக் டெஸ்ட்டை அட்டவணை போட்டு வாரம் இரண்டு முறை, கடிகாரம் வைத்து எழுதுங்கள். கேள்வியில் 'ஃபர்ஸ்ட்', 'எக்செப்ட்' என்ற சொற்கள் வந்தால் விரலை அங்கே வைத்து மறுபடி படியுங்கள். தமிழில் இந்தத் தேர்வு கிடையாது, ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். அவசரத்தில் அந்த ஒரு சொல்லை விட்டதால்தான் உங்களுக்கு ஏழு கேள்விகள் தவறின, எண்ணிப் பார்த்தேன்.

கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். மணிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 750, அலபாமாவில் 1000. பள்ளி தரும் மணி நேரச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். இன்னொன்று, லைசென்ஸ் கையில் இருப்பது வேலை செய்ய அனுமதி ஆகாது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் படிக்கலாம், ஆனால் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வராமல் தோழியின் சலூனில் 'சும்மா இரண்டு மணி நேரம்' என்றுகூட நிற்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பதால் விசாவில் உங்களுக்கு 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) விழுந்திருக்கிறது என்றீர்கள். பள்ளிப் பதிவில் கணவர் பெயர் சர்நேமாக இருக்கிறது. தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் விண்ணப்பமும் பொருந்தாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் போகும். இந்த வாரமே பள்ளி அலுவலகத்துக்குப் போய், எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடியே பெயரை மாற்றச் சொல்லுங்கள்.