வெள்ளைப் புடவை உருவமும் ஐஸ் ஹவுசும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் சென்னைக்குச் சுற்றுலா சென்றபோது, மெரினா கடற்கரைச் சாலையில் உள்ள ஐஸ் ஹவுஸ் மாளிகையைப் பார்த்தார்கள். அங்கே இரவில் ஒரு பெண் வெள்ளைப் புடவையுடன் தலைமுடியை விரித்துப் போட்டபடி மாடியில் உலவுவதாகவும், அக்காலத்தில் அங்கே தங்கியிருந்த விதவைகளில் ஒருத்தியின் ஆவி அது என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு வந்த என் மகள் தனியாகப் படுக்கவே அஞ்சுகிறாள். இதில் உண்மை ஏதேனும் உண்டா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பேய் இல்லை, அம்மா. ஆனால் விதவைகள் அங்கே தங்கியிருந்தது உண்மை. உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அதுதான். 1917-இல் அரசு வசமான அந்தக் கட்டடம், சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் கைம்பெண்களுக்கான விடுதியாக விளங்கியது. சுப்புலட்சுமி தாமே சிறுமியாக இருந்தபோது கணவனை இழந்தவர். 1911-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே எழும்பூரில் நான்கு பெண்களுடன் தம் பணியைத் தொடங்கியவர். கணவன் முகம்கூட நினைவில்லாத சிறுமிகள் மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த காலத்தில், அவர்களை அழைத்து வந்து படிக்க வைத்து, ஆசிரியைகளாக்கி, சொந்தச் சம்பளத்தில் வாழ வழி செய்தார் அவர். இரவில் அந்த மாடியில் விளக்கு எரிந்திருந்தால், நாளைய பாடத்தைப் படிக்க யாரோ ஒரு பெண் விழித்திருந்தாள் என்றுதான் நான் எண்ணிக்கொள்வேன்.

அந்தப் பேயின் தோற்றத்தையும் சற்று யோசித்துப் பாருங்கள். அக்கால அந்தணர் குடும்பங்களில் கைம்பெண்ணுக்குத் தலையை மழித்துவிடுவதே வழக்கமாக இருந்தது. விரித்துப் போடக் கூந்தல் ஏது? கேள்விப்பட்ட ஏதோ ஒரு மோகினிக் கதையின் கூந்தலையும் கைம்பெண்ணின் வெள்ளைப் புடவையையும் ஒட்டவைத்து யாரோ செய்த உருவம் அது. அந்தப் புடவை நம் கொங்கு நாட்டுக்குப் புதிதும் அன்று. நம் வீட்டு அமுச்சிமார் (அம்மாவைப் பெற்ற பாட்டிமார்) எத்தனை பேர் இருபது வயதில் வெள்ளை உடுத்தி, சீர்களில் ஒதுங்கி நின்று, பண்ணையத்தையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தார்கள்! அவர்கள் மடியில் அச்சமின்றிப் படுத்துக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே புடவையைக் கடலோர மாளிகை ஒன்றில் பேயின் உடையாக்குவது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. வாழ்ந்த காலத்தில் அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பெண்களை இறந்த பிறகும் அச்சப்பொருளாக்க வேண்டுமா? உங்கள் மகளிடம் அமுச்சியின் நிழற்படம் ஒன்றைக் காட்டி, அந்த விடுதியில் இருந்தவர்களும் இப்படிப்பட்டவர்களே, பலர் உன்னைவிடச் சற்றே மூத்தவர்கள் என்று சொல்லுங்கள்.

சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஏறத்தாழ ஒன்பது நாள் தங்கிய இடமும் அதுவே. அதனால்தான் அது இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுகிறது.

கேள்வி: கடற்கரையில் இருக்கும் அந்த மாளிகை வட்டமாகவும் விசித்திரமாகவும் கட்டப்பட்டது ஏன்? பேய்க்கதை எழ அதன் அமைப்பும் காரணமாக இருக்குமா?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அது மனிதர் குடியிருக்கக் கட்டப்பட்டதன்று. பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குச் சென்ற முதல் கப்பலில் 180 டன் ஏற்றப்பட்டு, நான்கு மாதப் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன் கரையாமல் சேர்ந்தது. சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்ததே இந்தக் கிடங்கு. வெப்பம் உள்ளே புகாதிருக்க வேண்டிய இடத்தில் வீட்டுக்குரிய காற்றையும் வெளிச்சத்தையும் எதிர்பார்க்க முடியாது. உள்ளூரிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் டியூடரின் வணிகம் படுத்தது, கட்டடம் கைமாறியது. இருட்டும் எதிரொலியும் கொண்ட ஒரு பழைய கிடங்கு, கடற்காற்று ஓயாமல் அறையும் இடத்தில் நின்றால் கதை முளைக்கத்தான் செய்யும். நம் பக்கத்தில் பாழடைந்த பஞ்சாலைக் கிடங்குகளைப் பற்றியும் இப்படித்தானே பேசிக்கொள்கிறார்கள்? பின்னர் அதை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், தம் நண்பரான நீதிபதி கெர்னனின் பெயரை அதற்குச் சூட்டி, வட்டத் தாழ்வாரங்களைக் கட்டி, சுவரெங்கும் சன்னல்கள் வைத்து, அதை மனிதர் வாழும் வீடாக்கினார்.