கழிவுநீரைத் திரும்ப எடுக்கலாம், உப்பை என்ன செய்வது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடிய காலத்தைப் பார்த்தவன் நான். நிறத்தைப் போக்கிவிட்டால் போதாதா? எதற்கு மெம்ப்ரேன் (உப்பைத் தடுக்கும் மெல்லிய படலம்), ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) என்று இவ்வளவு செலவு? (பல்லடம் வாசகர்)

பதில்: போதாது. நிறம் கண்ணுக்குத் தெரிவதால் நம் கோபமெல்லாம் அதன் மேல் போகிறது, ஆனால் வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்குத்தான். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறவேண்டும் என்றால் உப்பு போட்டே ஆகவேண்டும், அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் வரைகூடப் போகும். அந்த உப்பு துணியில் தங்காது; சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிட்டு அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். சுண்ணாம்பு போட்டுச் சாயத்தைப் படியவைக்கலாம், பாக்டீரியாவை விட்டுக் கரிமப் பொருளைத் தின்னவைக்கலாம், ஆனால் கரைந்திருக்கும் உப்பை இவை தொடவே தொடாது. பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்பு இருக்கலாம். வெளியே விட அனுமதிக்கப்பட்ட அளவு 2,100.

ஒரத்துப்பாளையம் அணையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் இடமாகி, தயவுசெய்து அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்கிறார் என்றால் எவ்வளவு நொந்திருப்பார்! கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. சுமார் 700 பட்டறைகள். திரும்பத் திறந்தவை, கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனையோடுதான் திறந்தன. அந்த நிபந்தனைக்கு மெம்ப்ரேன் இல்லாமல் வழி கிடையாது.

கேள்வி: எங்கள் வீட்டில் இருக்கும் ஆர்.ஓ.வும் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பதும் ஒன்றா? (ஈரோடு, கல்லூரி மாணவி)

பதில்: தத்துவம் ஒன்றுதான். உப்புத் தண்ணீரை அழுத்தத்தோடு ஒரு மெல்லிய படலத்தின் மேல் தள்ளினால் தண்ணீர் கடந்து போகும், உப்பு பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்றுவிடும். இதைத் தொழிலுக்கு உதவும் அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்த சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும். நம் பாடப்புத்தகத்தில் சௌரிராஜன் பெயர் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வரவேண்டும் என்பது என் ஆசை.

வித்தியாசம், எவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுக்கிறோம் என்பதில்தான். வீட்டு இயந்திரங்களில் பலவும் எடுக்கும் தண்ணீரைவிட வெளியே தள்ளுவது அதிகம். ஆலையில் அப்படி விட முடியாது, 85 சதவீதமாவது எடுத்தாக வேண்டும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்பு என்றால் மொத்தம் 600 கிலோ உப்பு. அதில் 85,000 லிட்டர் நல்ல தண்ணீராக வந்துவிட்டது, மீண்டும் சாயத் தொட்டிக்கே போகலாம். மிச்சம் 15,000 லிட்டர். ஏறக்குறைய 600 கிலோவும் அதற்குள்தான் இருக்கிறது. அதாவது லிட்டருக்கு 40,000 மில்லிகிராம். கடல் நீரிலேயே 35,000-தான்! மெம்ப்ரேன் ஒரு கிராம் உப்பைக்கூட அழிப்பதில்லை, ஒரு மூலைக்கு ஒதுக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். உப்பு ஏற ஏறத் தேவைப்படும் அழுத்தமும் ஏறும், இவ்வளவு உப்பு என்றால் தண்ணீரை நகர்த்தவே 30 பார் அழுத்தத்தைத் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டவேண்டும். அதனால்தான் நூறு சதவீதத்தையும் ஆர்.ஓ.விலேயே எடுக்க முடிவதில்லை.

கேள்வி: அந்த மிச்சத் தண்ணீரை, அதான் ரிஜெக்ட், என்ன செய்கிறார்கள்? ராத்திரியில் திறந்துவிடுவதாகப் பேசிக்கொள்கிறார்களே? (திருப்பூர் வாசகர்)

பதில்: திறந்துவிட்டால் அது குற்றம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள். ஏன் அந்த ஆசை வருகிறது என்பதையும் சொல்கிறேன். ஆர்.ஓ.வில் 1,000 லிட்டர் எடுக்கச் சில யூனிட் மின்சாரம் போதும். அதே 1,000 லிட்டரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 600 யூனிட்டுக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஒரு கலத்தின் ஆவியை வைத்தே அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல அடுக்கு எவாப்பரேட்டரில் இதைப் பல மடங்கு குறைக்கலாம், ஆனாலும் விறகோ நிலக்கரியோ எரித்துத்தான் ஆகவேண்டும். செலவு முழுவதும் கடைசி 15 சதவீதத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம், திருப்பூர்க்காரர்கள் அந்த ரிஜெக்டையே சரக்காக மாற்றியது. சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் போட்டுச் சாயம் ஏற்றினால், ரிஜெக்டை நன்றாகக் குளிரவைத்தாலே அந்தச் சல்பேட் கிளாபர் உப்பு என்ற படிகமாக விழும்; 32 டிகிரியில் கரைவதில் பத்தில் ஒரு பங்குதான் 0 டிகிரியில் கரையும். இன்னும் எளிய வழி, ரிஜெக்டின் நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துவிட்டு உப்புக் கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்புவது, அந்த அளவுக்குக் கொதிக்கவைக்கும் வேலை மிச்சம். ஆனால் கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. மழை படாமல், தரையில் கசியாமல் அதைக் காப்பாற்றவேண்டும். ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் நல்ல தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், அந்த உப்புக் கொட்டகையைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: சின்ன பிளான்ட் பார்க்கிறேன். மெம்ப்ரேன் மாற்றிய சில மாதத்திலேயே அடைத்துக்கொள்கிறது. (கரூர் வாசகர்)

பதில்: முன் சுத்திகரிப்பில் நிறம் போக்க என்ன கெமிக்கல் போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பாலிஅமைடு (ஆர்.ஓ.வில் வழக்கமான பிளாஸ்டிக் வகை) மெம்ப்ரேன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம், நிறம்போக்கிகள் பலவற்றில் நேர்மின்னூட்டம். கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் மிஞ்சியது நேராகப் போய் மெம்ப்ரேனில் ஒட்டும், கழுவினாலும் லேசில் வராது. அப்புறம் குளோரின்: ஆர்.ஓ.வுக்கு முன்னால் கண்டிப்பாக நீக்கிவிடவேண்டும், அது படலத்தையே அரித்துவிடும். சாயக்கழிவு சூடாக வரும், 45 டிகிரிக்கு மேல் உள்ளே விடாதீர்கள். கழுவும்போது முதலில் காரம், பிறகு அமிலம். கரிமக் கசடு இருக்கும்போது அமிலத்தை முதலில் விட்டால் அது இன்னும் இறுகிவிடும். தண்ணீர் வரத்து 10 சதவீதம் குறைந்ததுமே கழுவுங்கள், பாதியாகும்வரை பொறுக்காதீர்கள்.

கேள்வி: சாக்கடைத் தண்ணீரையும் இப்படி எடுக்கலாமா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: உங்கள் பக்கத்திலேயே நடக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சென்னைக் குடிநீர் வாரியத்தின், நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய ஆர்.ஓ. நிலையங்கள் உள்ளன, தண்ணீர் மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. வீட்டுச் சாக்கடையில் உப்பு குறைவு என்பதால் சாயக்கழிவைவிட வேலை எளிது. ஆலைகளுக்கு ஏரித் தண்ணீரைக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல், மற்ற நகரங்களும் தாமதிக்காமல் செய்யவேண்டும்.